உரிமையாளருக்காக வீட்டைக் காலி செய்ய வைப்பது: வாசகர் கேள்வி - பதில்

வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்கும் உறவினரின் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் இவை. தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. கீழே பிரிவு எண் மட்டும் சொன்னால் அது 2017 சட்டத்தின் பிரிவு.

கேள்வி: அண்ணன் துபாயில் இருக்கிறார். தாம்பரத்தில் உள்ள அவருடைய வீட்டைக் கவனித்துக்கொள்ள எனக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். அதை வைத்து நானே நோட்டீஸ் விட்டு, வழக்கும் போடலாமா?

நோட்டீஸ் விடலாம், வழக்குக்கு அந்தக் கடிதம் போதாது.

வாடகை வாங்கி ரசீது கொடுப்பது, அவசியமான ரிப்பேர் பார்ப்பது, வீட்டைப் போய்ப் பார்வையிடுவது, வாடகைப் பாக்கி பற்றியும் காலி செய்வது பற்றியும் நோட்டீஸ் கொடுப்பது ஆகியவற்றை உரிமையாளர் நியமிக்கும் சொத்து மேலாளர் செய்யலாம் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முன்னால் 18ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது. உங்கள் பெயர், உங்களுக்கு அதிகாரம் தரப்பட்டதற்கான அத்தாட்சி, எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற விவரம் எல்லாவற்றையும் உரிமையாளர் வாடகைதாரருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. பிறகு நோட்டீஸ் போனதும் 'இவர் யார் என்றே எனக்குத் தெரியாது, நான் ஓனரிடம்தான் பேசுவேன்' என்று பதில் நோட்டீஸ் வருகிறது. அண்ணனை அவருடைய சொந்த மின்னஞ்சலிலிருந்து வாடகைதாரருக்கு நாலு வரி எழுதச் சொல்லுங்கள். அதே விவரத்தைத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

நீதிமன்றத்துக்குப் பவர் பத்திரம் வேண்டும். இந்தியாவில் எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் அண்ணன் துபாயில் இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, அத்தாட்சி வாங்கி, அசலையே அனுப்ப வேண்டும். ஸ்கேன் பிரதி உதவாது. அசல் இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பது இந்திய முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. அந்த நாளைக் காட்டுவது கூரியர் உறைதான். அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பத்திரத்தில் 'வீட்டை நிர்வகிக்க' என்று பொதுவாக எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நீங்களே வேலை கொடுத்தது போல ஆகும். நோட்டீஸ் அனுப்ப, வாடகை நீதிமன்றத்திலும் வாடகைத் தீர்ப்பாயத்திலும் உயர் நீதிமன்றத்திலும் மனுவும் மேல்முறையீடும் தாக்கல் செய்ய, சாட்சியம் அளிக்க, சமரசம் செய்ய, வழக்கறிஞரை நியமிக்க, நிறைவேற்று மனு (கிடைத்த உத்தரவைச் செயல்படுத்தக் கேட்கும் மனு) போட, சாவியும் சுவாதீனமும் (வீட்டைக் கைவசம்) பெற்றுக்கொள்ள, பாக்கித் தொகையை வாங்கி ரசீது தர என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். சமரச அதிகாரமும் சுவாதீனம் பெறும் அதிகாரமும்தான் அடிக்கடி விட்டுப்போகின்றன. வழக்கு முடியும் நேரத்தில் அது தெரியவரும், மறுபடி தூதரகத்துக்கு ஓட வேண்டியிருக்கும்.

மனுவில் மனுதாரர் உங்கள் அண்ணன், 'அவருடைய பவர் முகவர் மூலமாக' என்று உங்கள் பெயர் வரும். உங்கள் பெயரையே மனுதாரராகப் போட்டுத் தாக்கல் செய்தால் ஆரம்பத்திலேயே அடிபடும். பவர் இருந்தாலும் வழக்கை நீங்களே நின்று வாதாட முடியாது, அதற்கு வக்கீல் வேண்டும். இன்னொன்று: பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றோடு முடிந்தது. வாரிசுகள் வழக்கில் சேர்ந்து புதிதாக எழுதித் தர வேண்டும்.

கேள்வி: மாத வாடகை 12,000, பராமரிப்பு 1,500. ஐந்து மாதமாகத் தரவில்லை. நடுவில் ஒருமுறை 10,000 மட்டும் போனில் அனுப்பினார். கேட்டால் 'அட்வான்ஸ் 36,000 இருக்கிறதே, கழித்துக்கொள்ளுங்கள்' என்கிறார். எப்படி நோட்டீஸ் விடுவது?

பாக்கி வழக்கில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த நோட்டீஸில்தான்.

21ஆம் பிரிவின்படி, 2 மாத வாடகையும் மற்றக் கட்டணங்களும் பாக்கி இருந்து, கேட்பு நோட்டீஸ் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டாவிட்டால் வெளியேற்றக் கோரலாம். அந்த ஒரு மாதத்துக்குள் அவர் வட்டியோடு மொத்தமும் கட்டிவிட்டால் வெளியேற்ற உத்தரவு கிடைக்காது. ஆனால் அந்தச் சலுகையை ஒருமுறை பெற்றவர் அதற்குப் பிறகு ஒரே வருடத்தில் தொடர்ந்து 2 மாதம் பாக்கி வைத்தால் மறுபடி சலுகை இல்லை. ஆகவே அவர் கட்டிவிட்டாலும் நோட்டீஸ் வீண் போகவில்லை. அதையும், தபால் ரசீதையும், அவர் கட்டிய விவரத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

இனி கணக்கு. வாடகை 5 × 12,000 = 60,000. பராமரிப்பு 5 × 1,500 = 7,500. மொத்தம் 67,500. வந்த 10,000 போக 57,500. இந்தத் தொகையைக் குத்துமதிப்பாக எழுதாமல் மாதவாரியாக அட்டவணை போடுங்கள். அந்த 10,000 எந்த மாதத்துக்கு என்று இரு தரப்பும் சொல்லாதபோது பழைய பாக்கிக்குத்தான் முதலில் வரவு வைக்க வேண்டும். அதை அப்படியே நோட்டீஸில் சொல்லுங்கள். பெயின்ட் செலவு, உடைந்த கதவு, தண்ணீர் லாரிக்காரர் பாக்கி என்று உடன்படிக்கையில் இல்லாததை எல்லாம் இதில் சேர்த்தால், 'கேட்ட தொகையே தவறு, எதைக் கட்டுவது என்று எனக்கு எப்படித் தெரியும்' என்று அவர் நிற்பார். உண்மையான 57,500கூட அதில் மாட்டிக்கொள்ளும். வட்டி உடன்படிக்கையில் இருந்தால் அந்த விகிதத்தில் கேளுங்கள், நீங்களாக 24 சதவீதம் போடாதீர்கள்.

அட்வான்ஸ் என்பது வீட்டை ஒப்படைக்கும்போது கணக்குப் பார்க்க வைத்திருக்கும் தொகை. மாதாமாதம் வாடகைக்குக் கழிக்க அது இல்லை என்று நோட்டீஸில் ஒரு பத்தி தனியாக எழுதுங்கள். உங்கள் அட்வான்ஸ் சரியாக 3 மாத வாடகை, அதனால் கவலை இல்லை. உடன்படிக்கையில் வேறு மாதிரி இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது 11ஆம் பிரிவு. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிவிட்டு 2 மாதப் பாக்கிக்கு வழக்குப் போடுகிறவர்கள், 'கையில் என் பணத்தை வைத்துக்கொண்டு பாக்கி என்கிறார்' என்ற வாதத்துக்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

நோட்டீஸ் எப்படிச் சேர்க்கப்பட வேண்டும் என்பதற்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106(4) பிரிவைச் சட்டம் காட்டுகிறது. எழுத்தில் இருக்க வேண்டும். உரிமையாளரோ அவர் சார்பில் ஒருவரோ கையெழுத்திட வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், வீட்டில் குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம். இவை எதுவும் முடியாதபோதுதான் வீட்டில் தெரியும் இடத்தில் ஒட்டலாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவது கூடுதல் அத்தாட்சி, தபாலுக்கு மாற்று ஆகாது. 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதித் திரும்பி வரும் உறையைப் பிரிக்கவே கூடாது. நீதிமன்றத்தில் அதை மூடியபடியே தாக்கல் செய்ய வேண்டும். விலாசத்தில் கதவு எண் பழையது, புதியது இரண்டையும் எழுதுங்கள். மாநகராட்சி எண் மாறிய தெருக்களில் 'விலாசம் தவறு' என்று திரும்பும் நோட்டீஸ் ஒரு மாதத்தைத் தின்றுவிடும்.

நோட்டீஸ் போன பிறகு அவர் வழக்கம்போல 12,000 அனுப்பினால்? வாங்கலாம், ஆனால் பேசாமல் வாங்காதீர்கள். காலி செய்யும் நோட்டீஸுக்குப் பின் வரும் வாடகையைச் சாதாரணமாக ஏற்றுக்கொண்டால், நோட்டீஸைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 113ஆம் பிரிவைக் காட்டி வாதாட இடம் கிடைக்கும். 'நோட்டீஸில் உள்ள உரிமைகளுக்குப் பாதகமில்லாமல், பாக்கியில் வரவு வைக்கப்பட்டது' என்று அன்றே பதில் எழுதுங்கள். வங்கிக் கணக்கில் நேராக விழும் பணத்துக்கும் இது பொருந்தும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். பணம் விழுந்தது அவர்களுக்கே மூன்று மாதம் கழித்துத்தான் தெரிகிறது.

கேள்வி: மின்சார ஃபியூஸைப் பிடுங்கினால் தானாகக் காலி செய்வார் என்கிறார்கள். பத்து நாளில் காலி செய்து தருவதாக ஒருவர் கமிஷனும் பேசுகிறார்.

இரண்டையும் செய்யாதீர்கள். மின்சாரம், தண்ணீர், லிஃப்ட், பொது விளக்கு, கழிவுநீர் வசதி எதையும் உரிமையாளரோ அவர் மேலாளரோ நிறுத்தக் கூடாது என்கிறது 20ஆம் பிரிவு. இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமித்த வாடகை அதிகாரி உடனே இணைப்பைத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். வெளியே பூட்டுப் போட்டு ஆளை இறக்கிவிட்டால், தனிக்குறிப்பு நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் அவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வரலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அந்த வழக்கில் எழாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 126 (தடுத்து நிறுத்துதல்), 329 (அத்துமீறி நுழைதல்), 351 (மிரட்டல்) ஆகிய பிரிவுகளில் புகார் போனால், முதலில் காவல் நிலையத்தில் உட்கார வேண்டியவர் உள்ளூரில் இருக்கும் நீங்கள். துபாயில் இருப்பவர் அல்ல.

கேள்வி: பன்னிரண்டு வருடமாக வாய்ப்பேச்சில் வாடகைக்கு இருக்கிறார். உடன்படிக்கையே இல்லை. அப்படியானால் நம்மால் எதுவும் செய்ய முடியாதா?

முடியும். எழுத்தில் உடன்படிக்கை செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதை 2017 சட்டம் கட்டாயம் ஆக்கியது. சட்டம் வருவதற்கு முன்பே குடியிருப்பவர்களோடும் 4(2) பிரிவின்படி எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி உடன்படிக்கை ஏற்படவில்லை என்பதே 21(2) பிரிவில் முதல் காரணமாக இருக்கிறது.

ஆனால் நேராக வழக்குக்குப் போகாதீர்கள். நடப்பு வாடகை, காலம், பராமரிப்பு எல்லாம் எழுதிய வரைவு உடன்படிக்கை இரண்டு பிரதி, ஒரு கடிதத்தோடு தபாலில் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். 8,000 வாடகையை 20,000 ஆக்கி வரைவு அனுப்பினால் 'ஒப்புக்கொள்ள முடியாதபடி வேண்டுமென்றே அனுப்பினார்' என்பார்கள், அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கும். அவர் கையெழுத்துப் போட்டால் 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். அது உங்களுக்கும் நல்லதுதான், காலக்கெடு எழுத்தில் வந்துவிடும்.

வாய்ப்பேச்சு வழக்கில் உண்மையான ஆபத்து வேறு. 'நான் வாடகைதாரரே இல்லை' என்று மறுத்தால் உறவை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். வங்கிக் கணக்கில் மாதாமாதம் வந்த தொகை, அவருடைய கையெழுத்துள்ள பழைய ரசீது அடிக்கட்டை, எரிவாயு இணைப்பு விலாசம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எண் ஆகியவற்றை முதலில் சேர்த்து வையுங்கள். எழுதியும் பதிவு செய்யாத உடன்படிக்கை என்றால், அதைச் சாட்சியமாக ஏற்கத் தடை போடும் 4ஏ பிரிவு குறுக்கே வரும். எந்தக் காரணத்தின் கீழ் மனுப் போடுவது என்பதை வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மகன் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருகிறான். அவன் பெயரில் உள்ள வீடு அவன் குடியிருக்கவே வேண்டும். பவர் என்னிடம். சாட்சி சொல்ல அவன் வரவேண்டுமா, தாயான நான் சொன்னால் போதுமா?

நல்ல கேள்வி அம்மா. பவர் முகவர் தான் நேரில் செய்ததைப் பற்றித்தான் சாட்சி சொல்ல முடியும், பவர் கொடுத்தவரின் மனதில் இருப்பதைப் பற்றிச் சொல்ல முடியாது என்று ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் 2004 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொந்த உபயோகத்துக்கு வீடு தேவை என்பது உரிமையாளரின் உள்நோக்கம் சம்பந்தப்பட்டது. அதனால் பொதுவாக உரிமையாளரேதான் சாட்சி சொல்ல வேண்டும்.

இதற்கு விலக்கும் உண்டு. 2010இல் மன் கௌர் எதிர் ஹர்தார் சிங் சங்கா வழக்கில், ஒருவருடைய எல்லா விவகாரங்களையும் முழுக்க முழுக்க நெருங்கிய உறவினரே கவனித்துவந்தால் அந்த முகவரின் சாட்சியத்தை ஏற்கலாம் என்று சொல்லி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காகத் தாயோ தந்தையோ நிர்வகிப்பதையே ஓர் உதாரணமாக உச்ச நீதிமன்றம் காட்டியது. உங்களுக்குச் சாதகமான வரி அது. ஆனால் 'முழுக்க' என்பதை நிரூபிக்க வேண்டும். வாடகை உங்கள் கணக்கில் வருகிறதா, சொத்து வரி நீங்கள் கட்டுகிறீர்களா, வாடகைதாரரைக் குடிவைத்ததே நீங்கள்தானா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்.

முடிந்தால் மகனே சாட்சி சொல்லட்டும். நேரில் வர முடியாவிட்டால் காணொளி மூலம் சாட்சியம் அளிக்க அனுமதி கேட்டு மனுப் போடலாம். அவனுடைய வேலை விலகல் கடிதம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, இங்கே கிடைத்த வேலை உத்தரவு இவற்றில் எது இருந்தாலும் சேருங்கள். அதே ஊரில் அவன் பெயரில் வேறு வீடு காலியாக இருந்தால் மனுவிலேயே சொல்லி, அது ஏன் போதாது என்றும் சொல்லிவிடுங்கள். மறைத்ததை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டினால் அதற்கு மேல் எந்தச் சாட்சியமும் எடுபடாது.

கேள்வி: 5 லட்சம் வாங்கிக்கொண்டு 'லீஸு'க்கு விட்டது. மாத வாடகை கிடையாது. காலம் முடிந்தும் போகவில்லை.

பணத்தைத் தயார் செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் அவர் போகாததில் தவறு சொல்ல முடியாது. ஊர்ப்பேச்சில் லீஸ் என்றாலும், வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கும் இந்த ஏற்பாடு பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்து ஒத்தி அடமானமாகவே கருதப்படலாம். அப்படியானால் வாடகை நீதிமன்றம் அதற்கு இடமல்ல, அடமானத்தை மீட்கும் வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் வரும். அவர் பணத்தை வாங்க மறுத்தால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் கட்டலாம். முதலில் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள்.

கேள்வி: வாடகைதாரர் நான்கு மாதமாக ஆளையே காணோம். உள்ளே சாமான்கள் இருக்கின்றன. பூட்டை உடைக்கலாமா?

கூடாது. உடைத்த மறுநாள் வந்து 'பீரோவில் இருந்த பத்து பவுன் எங்கே' என்றால் உங்களிடம் பதில் இருக்காது. கதவில் நோட்டீஸை ஒட்டி, இரண்டு அண்டை வீட்டார் கையெழுத்தோடு புகைப்படம் எடுங்கள். அவருடைய சொந்த ஊர் விலாசம், வேலை செய்த இடம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் அனுப்புங்கள். பிறகு மனு. சம்மன் அவர் கையில் சேராவிட்டால் அதைக் கதவில் ஒட்டிச் சேர்ப்பிக்கவும் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்கவும் அனுமதி வாங்குங்கள். அவர் ஆஜராகாமலே பிறக்கும் ஒருதலைப்பட்ச உத்தரவு வந்ததும் நிறைவேற்று மனுவில் பூட்டை உடைக்கவும் காவல் பாதுகாப்புக்கும் சேர்த்துக் கேளுங்கள். நீதிமன்ற அமீனா முன்னால் பூட்டைத் திறந்து, சாமான் பட்டியல் எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போட்ட பிறகு சாவி உங்களுக்கு வரும். ஒருதலைப்பட்ச உத்தரவை அவர் பிறகு வந்து ரத்து செய்யக் கேட்பது உண்டு. அப்போது உங்களைக் காப்பது ஆரம்பத்தில் ஒட்டிய நோட்டீஸும் அனுப்பிய தபால்களும்தான், ஆகவே அவற்றில் சோம்பல் கூடாது.

கேள்வி: வீடு கிராம ஊராட்சியில் இருக்கிறது. இதே முறைதானா?

இல்லை, 2017 சட்டம் நகர்ப்புறத்துக்குத்தான். மாத வாடகைக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் கொடுத்து, உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. நோட்டீஸில் நாள் கொஞ்சம் குறைந்தாலும், முழு அவகாசமும் கடந்த பிறகு வழக்குப் போட்டிருந்தால் அந்தக் காரணத்துக்காக நோட்டீஸ் செல்லாது என்று சொல்ல முடியாது. கோயில், வக்ஃப் கட்டடங்களுக்கு வேறு சட்டங்கள்.

கேள்வி: பேசி முடித்துவிட்டோம். பாக்கியைத் தள்ளுபடி செய்தால் மாதக் கடைசியில் போகிறேன் என்கிறார். நம்பலாமா?

பெரும்பாலான வழக்குகளுக்கு இது நல்ல முடிவு. சட்டம் விரைவாக முடிக்கச் சொன்னாலும் சம்மன் சேர்ப்பது, வாய்தா, 30 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு, அதன் பிறகு நிறைவேற்று மனு என்று போகும் காலத்தைக் கணக்குப் போட்டால் இரண்டு மூன்று மாத வாடகையை விடுவது மலிவு. ஆனால் தள்ளுபடியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காதீர்கள். 'இன்ன தேதிக்குள் காலி செய்து சாவி ஒப்படைத்தால் மட்டும் பாக்கி தள்ளுபடி, தவறினால் முழுப் பாக்கியும் உண்டு' என்று எழுதுங்கள். வழக்கு ஏற்கனவே நடந்துகொண்டிருந்தால் இதையே இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவு வாங்குங்கள். வெறும் காகிதத்தில் எழுதி வழக்கை வாபஸ் வாங்கிவிட்டால், அவர் போகாதபோது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சாவி வாங்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் போங்கள். ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, மின் மீட்டர் எண்ணையும் சேர்த்துப் படம் பிடியுங்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால் அன்றைய ரீடிங்குக்கு எவ்வளவு வரும் என்று பார்த்து அட்வான்ஸிலிருந்து கழிக்க வேண்டும். 'வீட்டை முழுவதும் காலி செய்து, இத்தனை சாவிகளோடு சுவாதீனத்தை ஒப்படைத்தேன், உள்ளே என் சாமான் எதுவும் இல்லை' என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் அட்வான்ஸைத் திருப்பித் தராதீர்கள். மீதி அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும், அதை வங்கி மூலமே அனுப்புங்கள். கேஸ் சிலிண்டர் விலாசத்தையும் வாக்காளர் அட்டை விலாசத்தையும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அன்று மாலையே பூட்டை மாற்றிவிடலாம்.